கைகள் பேசும் நாடு

ஏற்காட்டு மலையின் தென்விளிம்பில் நின்று கீழே நோக்குவோருக்குச் சேலம் மாநகரம் உள்ளங்கை அகலத்தில் தோன்றும். ஊர்ப்புறத்தே வெள்ளைக்கல் சுரங்கங்கள் வெளுத்துக் கிடக்கும். மேற்கே கஞ்சமலை கருத்து நிற்கும். தெற்கே, இராசிபுரம், நாமக்கல் திசையில், மரவள்ளித் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் கோழிப்பண்ணைகளின் நீண்ட கூரைகளும் விரவிய சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் பரந்திருக்கும். சாலைகளில் லாரிகள் எறும்புச் சாரைபோல் ஊர்ந்து செல்லும். அத்தனை இயக்கத்தின் ஓசையில் சிறு துளியும் மேலே வந்து எட்டாது. எல்லாம் தெரியும், எதுவும் கேளாது.

மலையேறி வந்தவர்க்கு இது சிறிது நேர வியப்பு. கீழே அச்சமவெளியிலேயே பிறந்து வளரும் சில பிள்ளைகளுக்கோ இதுவே வாழ்நாள் முழுதும் நிலை. தாயின் தாலாட்டும் கோயில் மணியும் அவர்களை எட்டுவதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் கேட்டல் குறையுடையோர் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் சிலர் நம் பங்குகளிலும் இருக்கின்றனர். நம்மில் எத்தனை பேர் அவர்களோடு ஒரு முழு வாக்கியம் பேசியிருப்போம்?

அன்பார்ந்த குடும்பத்தாரே, இத்தகைய பிள்ளைகளுக்காகத் தம் நாட்டை விட்டு அயல்நாடு சென்ற திருப்பணியாளர்கள் பலர். அவர்களுடைய அன்றாட வாழ்வு எத்தகையது, அதிலிருந்து இச்சமவெளியில் வாழும் நாம் கற்க வேண்டியது யாது என்பதை, மலையிலிருந்து இறங்கிக் காவிரிக் கரை வரை செல்லும் வழியில் உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

மலைமேல் ஒரு பெயர்

ஏற்காட்டில் 1917இல் தொடங்கப்பட்ட மான்போர்ட் பள்ளியை நம் பகுதியில் அறியாதார் இலர். அதை நடத்திவரும் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் பிரான்சு நாட்டிலிருந்து 1903இல் திண்டிவனத்துக்கு வந்தனர். அச்சபையின் பெயருக்குப் பின்னால் ஒரு பங்குத்தந்தை இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் கபிரியேல் தெஷாயே. 1767இல் பிறந்து 1841இல் இறைவனடி சேர்ந்தவர். பிரான்சின் மேற்கே பிரித்தானி நாட்டுப்புறத்தில் ஒரே என்னும் ஊரில் பங்குத்தந்தையாக இருந்தபோது, காது கேளாத பிள்ளைகள் கல்வியும் மறையறிவும் இன்றித் தெருவில் திரிவதைக் கண்டு, 1810களில் அவர்களுக்கென ஒரு பள்ளி அமையச் செய்தார். பின்னர் அவர் வழிநடத்திய சகோதரர்களும் ஞானத்தின் புதல்வியர் என்னும் அருட்சகோதரிகளும் இப்பணியைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றனர். சென்னை அடையாறில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமாக நடந்துவரும் புனித லூயி நிறுவனம் இச்சபையாருடையதே. ஏற்காட்டுப் பள்ளிக்கும் அடையாற்றுப் பள்ளிக்கும் மூலவேர் ஒன்றுதான்.

இவ்வேர் இன்னும் ஆழமாகச் செல்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஓஞ்ஞா மடத்தில் பெத்ரோ போன்சே தெ லெயோன் என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, பிரபுக்களின் கேளாத புதல்வர்களுக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்தார். ஆயராயிருந்த புனித பிரான்சிஸ் சலேசியார், மார்த்தீன் என்னும் கேளாத இளைஞருக்குத் தாமே சைகைகளால் மறைக்கல்வி அளித்து நற்கருணை வழங்கினார். அதனாலேயே அவர் கேளாதோரின் பாதுகாவலராகப் போற்றப்படுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துக் குருவாகிய அபே தெ லெப்பே, கேளாத இரு சகோதரிகளைச் சந்தித்தார். அவர்கள் தமக்குள் கையால் பேசிக்கொள்வதைக் கண்டு, முதலில் தாம் மாணவராகி அக்கைம்மொழியைக் கற்றார். பிறகே ஆசிரியரானார். எளியவர், செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் இலவசமாக அவர் நடத்திய பள்ளி, அவர் 1789இல் மறைந்தபின் பிரான்சு நாட்டின் தேசிய நிறுவனமாயிற்று.

நம் நாட்டிலும் இப்பணியைத் தொடங்கியோருள் அயல்நாட்டு மறைப்பணியாளர் முன்நின்றனர். 1880களின் நடுவில் பம்பாய் ஆயர் லியோ மொய்ரின், இயேசு சபையினர், கேளாதோர் பள்ளி ஒன்றை நிறுவினார். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதற்பள்ளி. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் 1890களில், ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் கேளாத பிள்ளைகளைக் கூட்டிக் கற்பிக்கலானார். அப்பெண்மணி தமிழையும் கற்க வேண்டியிருந்தது. தமிழ் கேளாத தமிழ்ப் பிள்ளைகளின் கைகளையும் படிக்க வேண்டியிருந்தது. அவர் பெயரால் அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது.

இவர்களுள் பெரும்பாலோர் செவிப்புலன் உடையவர். கேளாதவரே மறைப்பணியாளராய்ச் சென்றதும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் யூதக் குடும்பத்தில் 1942இல் கேளாதவராகப் பிறந்து, பின்பு கத்தோலிக்க மறையைத் தழுவி 1970இல் குருவான தந்தை சிரில் ஆக்செல்ராட், இரட்சகர் சபையில் சேர்ந்தார். தம் நாட்டில் பல இனத்துக் கேளாதோரிடையே உழைத்தபின் சீனக் கடற்கரையிலுள்ள மக்காவுக்குச் சென்று அங்குள்ள கேளாதோரை ஒன்றுதிரட்டினார். பிறவிக் குறையின் தொடர்ச்சியாகப் பின்னாளில் கண்பார்வையும் மங்கி மறைந்தது. அதன் பின்னர் பிறர் தம் உள்ளங்கையில் தொட்டு எழுதுவதைக் கொண்டு உரையாடிப் பணியைத் தொடர்ந்தார். நம் நாட்டிலும் 2024 மே மாதத்தில் திருச்சூரில் திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த கேளாத இளைஞர் ஒருவர் குருப்பட்டம் பெற்றார். கேளாதவர் பிறரிடமிருந்து பெறுவதற்கு மட்டுமே உரியவர் என்ற எண்ணம் இத்தகையோரால் பொய்த்தது.

சேந்தமங்கலத்துச் சாலை

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் சேலம். வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நடந்தால், சிறு சிறு பட்டறைகளில் கொலுசு மணிகளைப் பற்றவைத்துக்கொண்டிருப்போரைக் காணலாம். தவழும் குழந்தையின் காலில் தாய் கொலுசு பூட்டுவது அழகுக்காக மட்டுமன்று. பிள்ளை எங்கே போகிறாள் என்று சமையலறையிலிருந்தே அறிந்துகொள்வதற்காகவும்தான். கேளாத குழந்தைக்குப் பூட்டிய கொலுசோ, தாய்க்குச் செய்தி சொல்லும். அணிந்தவளுக்கு ஒன்றும் சொல்லாது.

சேலத்தை விட்டு இராசிபுரம் வழியாகத் தெற்கே சென்றால், சேகோ ஆலைகளின் களங்களில் ஜவ்வரிசி உலர்ந்துகொண்டிருப்பது மல்லிகை கொட்டினாற்போல் தெரியும். அப்பால் கிழக்கே கொல்லிமலையின் அடியில் சேந்தமங்கலம். நம் மறை வரலாற்றில் இவ்வூருக்கு ஓர் இடமுண்டு. தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள், 1623இல் மதுரையை விட்டுப் புறப்பட்டுத் திருச்சிராப்பள்ளி வழியாக இங்கு வந்தார். பின்பு சேலம் சென்றார். உரோமையில் உயர்குடியில் பிறந்த அவர் இந்தச் செம்மண் பாதைகளில் நடந்தபோது தமிழ், தெலுங்கு, வடமொழி ஆகிய மூன்றையும் கற்றுத் தேர்ந்திருந்தார்.

நொபிலி சுவாமிகளின் முறைகளைப் பற்றி அன்றும் வாதம் இருந்தது, பின்னும் இருந்தது. ஆனால் ஒன்றில் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. மக்களிடம் பேச விரும்புவோன் முதலில் அம்மக்களின் மொழிக்குள் புக வேண்டும். அபே தெ லெப்பே பாரிசில் செய்ததும் இதுவே. அம்மொழி நாவில் இருந்தாலென்ன, விரலில் இருந்தாலென்ன?

கடல் கடந்த சகோதரியின் ஒரு நாள்

இச்சாலையோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து துறவறம் புகுந்த அருட்சகோதரி ஒருவர், கிழக்கு ஆப்பிரிக்க நாடொன்றில் கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். விடுமுறையில் வந்திருந்தபோது அவர் தம் ஒரு நாளை எனக்கு விரித்துரைத்தார். அவர் கூறியவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

அங்கே விடியற்காலை மணி அடிப்பதில்லை. படுக்கைக் கூடத்து விளக்கை மும்முறை ஏற்றி அணைப்பார்கள். மின்சாரம் இல்லாத நாளில் ஒவ்வொரு கட்டிலாகச் சென்று மெல்ல அசைப்பார்கள். காலைச் செபத்தில் எவரும் கண்ணை மூடுவதில்லை. மூடினால் செபம் நின்றுவிடும். கைகூப்புவதும் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே, ஏனெனில் இடையில் கைகளே செபிக்க வேண்டும். “எண்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையை உயர்த்திப் பரலோக மந்திரம் சொல்லும்போது காற்று அசைவது மட்டும் கேட்கும், சாமி” என்றார் அவர்.

வகுப்பில் ஒரு நிலைக்கண்ணாடியும் சில காகிதத் துண்டுகளும் எப்போதும் இருக்கும். ஓரளவு கேட்கும் திறன் எஞ்சியுள்ள பிள்ளைக்குக் கருவி மாட்டிப் பேச்சுப் பயிற்சி தருவார்கள். உதட்டின்முன் காகிதத்தைப் பிடித்து ‘ப’ என்று ஊதினால் அது அசையும். அதைக் கண்டு பிள்ளையும் ஊதும். மூக்கின்மேல் விரல் வைத்து அதிர்வை உணரச் செய்தால் ‘ம’ வரும். அந்நாட்டுச் சுவாகிலி மொழியில் ‘மாமா’ என்றால் தாய். அந்த ஒரு சொல்லுக்காகச் சில பிள்ளைகளோடு பல மாதங்கள் உட்கார்ந்திருக்கிறார் சகோதரி. ஆயினும் பாடங்கள் முழுவதும் பேச்சைக் கொண்டே நடப்பதில்லை, சைகைமொழியிலேயே நடக்கின்றன.

அதற்குக் காரணம் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, கேளாதோர் பள்ளிகளில் வாய்ப்பேச்சே கற்பிக்கப்பட வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. அதன் விளைவாக ஏறத்தாழ நூறாண்டுகள் பல நாடுகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. கையால் பேசியதற்காக அடிபட்டவர்களும் உண்டு. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வழிவந்தோர் அத்தீர்மானத்துக்காக வருந்தினர். சைகை என்பது முகம் சுளித்துக் காட்டும் ஊமைக்கூத்தன்று. இலக்கணமும் நுட்பமும் உடைய மொழி என்று இன்று மொழியறிஞர் ஒப்புகின்றனர். நாட்டுக்கு நாடு அது வேறுபடும். நம் இந்தியச் சைகைமொழியில் ஆங்கில எழுத்துகளை இரு கைகளாலும் காட்டுவோம். அந்நாட்டிலோ ஒரே கையால் காட்டுவர். ஆகவே நம் சகோதரி அங்கே எழுத்திலிருந்தே தொடங்க நேர்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்திருப்பார்கள். ஆமாம் என்பதற்கு நம்மவர் தலையை இரு பக்கமும் ஆட்டுவதை அங்கே எவரும் கண்டதில்லை. முதல் வாரத்திலேயே அந்தத் தலையாட்டல்தான் அவருக்குப் பெயராயிற்று.

உணவு வேளை நீளும். பேச வேண்டுமானால் கரண்டியைக் கீழே வைக்க வேண்டுமல்லவா? சண்டை வந்தால் ஒருவன் கண்களை இறுக மூடிக்கொள்வான். அதற்குமேல் எதிராளி என்ன சொல்லியும் பயனில்லை, சண்டையும் தீர்ந்துவிடும். இரவு விளக்கணைத்தால் எல்லாப் பேச்சும் ஓய்ந்துவிடும் என்று புதியவர் எண்ணுவர். இருட்டில் பக்கத்துக் கட்டிலை எட்டி, தோழியின் உள்ளங்கையில் விரலால் எழுதிப் பேசுகிறவர்களும் உண்டு. அதைக் கண்டும் காணாதவர்போல் நடந்துவிடுவாராம் சகோதரி.

“எந்த நாள் உங்களுக்கு மிகவும் கடினம்?” என்று கேட்டேன். நோயோ, மலேரியாவோ, பணமுடையோ கூறுவார் என்று எதிர்பார்த்தேன். “விடுமுறை விடும் நாள்தான், சாமி. மற்றப் பள்ளிகளில் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வாசலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வீட்டில் அவர்களோடு பேச ஆளில்லை. சோறு போடுவார்கள், துணி எடுத்துக் கொடுப்பார்கள், அன்பாகத்தான் இருப்பார்கள். ஆனால் யாரும் பேசமாட்டார்கள். நான் கடல்கடந்து வெளிநாடு போனேன். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் வீடுதான் வெளிநாடு.”

சிறிது நேரம் கழித்து அவரே கேட்டார்: “நம் ஊர்ப் பக்கம் எப்படி, சாமி?”

தறிக்கூடத்தில் கண்டது

நாமக்கல்லிலிருந்து மேற்கே திருச்செங்கோட்டைக் கடந்து காவிரியை நோக்கிச் சென்றால், பள்ளிபாளையத்தை நெருங்குமுன்பே காற்றில் ஓர் அதிர்வு தொடங்கும். பள்ளிபாளையமும் குமாரபாளையமும் விசைத்தறியால் வாழும் ஊர்கள். தறிக்கூடத்தின் ஓசை 90 டெசிபலைத் தாண்டக்கூடியது. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு வகுத்துள்ள எல்லையே அதுதான். ஆண்டுக்கணக்கில் அவ்வோசையில் நிற்போருக்குச் செவி மெல்ல மெல்ல மங்கிவிடும். ஐம்பது வயதில் பேரப்பிள்ளையின் மழலை கேட்காமற் போகும்.

இங்கே குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றேன். தறிகளுக்கு இரண்டு முழம் தள்ளிச் சேலைத் தொட்டிலில் ஒரு பெண்குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. தாய் பெருமையோடு என் காதருகே வந்து உரக்கச் சொன்னாள்: “எங்க பாப்பா ரொம்பப் பொறுமைங்க சாமி. தறி ஓடினாக்கூட அசையாதுங்க.” ஓசை பழகிய குழந்தை உறங்குவதும் இயல்புதான். ஆயினும் தறி நின்று அமைதியான வேளையில் பின்னாலிருந்து கைதட்டிப் பார்க்கும்படி கூறினேன். அவள் முகம் வாடியது. ஏனெனில் அவ்வீட்டு மூத்த மகன், பதினான்கு வயதுச் சிறுவன், கேளாதவன். “இவனும் இப்படித்தானுங்க தூங்குவான்” என்று மட்டும் சொன்னாள்.

அச்சிறுவனைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கூடத்தின் மறுகோடியில் நின்ற பெரியவர் இரு விரல்களைச் சேர்த்துப் பிரித்தார். இழை அறுந்தது என்று பொருள். சிறுவன் ஓடிப் பாவு நூலை முடிந்தான். ஒரு பெண் விரலைச் சுழற்றிக் கையை விரித்தாள், தார் தீர்ந்துவிட்டதாம். தேநீருக்கு ஒரு சைகை, மின்சாரம் போவதற்கு ஒன்று, முதலாளி வருகிறார் என்பதற்கு மீசையை முறுக்குவதுபோல் ஒன்று. சிறுவன் ஏதோ வேடிக்கை காட்ட, கூடத்தின் மூன்று மூலைகளில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் கண்டது இதுதான்: அக்கூடத்தில் எவருக்கும் எதுவும் கேட்பதில்லை. ஆகவே எல்லாரும் கையாலும் உதட்டசைவாலும் பேசுகிறார்கள். எந்தப் பள்ளியும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை, தேவை கற்பித்தது. அங்கே அச்சிறுவன் குறையுடையவன் அல்லன். மற்றவர்களைவிடக் கைத்தேர்ச்சி மிக்கவன்.

தறி நின்றது. ஓசை அடங்கியது. எல்லாரும் வாயால் பேசத் தொடங்கினார்கள். அந்த நொடியே அவன் தனியனானான். சுவரோரம் போய் உட்கார்ந்தான். மறுவாரம் ஞாயிறு திருப்பலியில் அவனைக் கண்டேன். கடைசி வரிசையில் அமர்ந்து, மறையுரை முழுவதும் சுழலும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான். தறிக்கூடம் அவனுக்குத் தந்த ஒன்றைக் கோயில் தரவில்லை. சகோதரியின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

குடும்பங்கள் அறிய வேண்டியவை

இப்பகுதியில் பல குடும்பங்கள் இதனை முன்வினை என்றும் சாபம் என்றும் மறைத்து வைக்கின்றன. பெண்பிள்ளையாயின் மறைப்பு இரட்டிப்பாகிறது. பிறவியிலேயே பார்வையற்றிருந்தவனைப் பற்றிச் சீடர்கள் இது யார் செய்த பாவம் என்று வினவியபோது, இவனுமல்ல, இவன் பெற்றோருமல்ல என்று நம் ஆண்டவர் தெளிவுபடுத்திவிட்டார். காரணங்கள் வேறு.

முதலாவது, நெருங்கிய உறவில் திருமணம். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம்மிடையே வழிவழி வரும் வழக்கம். பெற்றோர் இருவரிடமும் ஒரே குறைக்கூறு மறைந்திருந்தால், அது பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பு உறவுத் திருமணத்தில் மிகுகிறது; பிறவிக் கேளாமை அப்படி வெளிப்படும் குறைகளுள் ஒன்று. உறவில் மணந்த எல்லாருக்கும் இது நேரும் என்பதில்லை. எனினும் திருச்சபைச் சட்டம் இவ்வுறவுகளைத் திருமணத் தடையாகவே வைத்துள்ளது. ஆயரின் தடைநீக்கம் பெற்றே மணக்க இயலும். அதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டு என்னிடம் வரும் பெற்றோர் அதை வெறும் தாளாக எண்ணலாகாது. நிலமும் நகையும் வெளியே போகக்கூடாது என்பதற்காகப் பிறக்கப்போகும் பிள்ளையின் செவியைப் பணயம் வைக்க வேண்டுமா என்று ஒரு நாள் இரவு அமர்ந்து எண்ணுங்கள்.

இரண்டாவது, தாய் கருவுற்றிருக்கையில் ருபெல்லா எனப்படும் அம்மை தாக்குவது. தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. அப்போது வதந்திகளை நம்பித் தயங்கிய பெற்றோர் உண்டு. இன்று வழக்கமான தடுப்பூசி அட்டவணையிலேயே அது உள்ளது, தவறவிடாதீர்கள். மூளைக்காய்ச்சல், கடும் மஞ்சள் காமாலை, கவனிக்கப்படாத காதுச்சீழ் ஆகியவையும் காரணங்களாகும். சிறுவர்களின் கேளாமையில் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடியது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மூன்றாவதாக, காலத்தின் அருமை. பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் பயிற்சி என்பதே மருத்துவர்கள் வகுத்த ஒழுங்கு. கேளாத குழந்தையும் முதற்சில மாதங்களில் மழலை ஒலி எழுப்பும். பின்பு அது மங்கிவிடும். அதனால் பெற்றோர் ஏமாறுவதுண்டு. “அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்” என்று பாட்டி சொல்லும் ஆறுதலை நம்பி ஆண்டுகளைக் கடத்தாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் செவிக்குள் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. கருவி பொருத்தியதோடு முடிந்தது என்று எண்ணலாகாது. அதன்பின் பேச்சுப் பயிற்சிக்கு ஆண்டுக்கணக்கில் அழைத்துச் செல்லும் தாயின் பொறுமையே அதில் பெரும்பங்கு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கருவி பயன்படாது. வயது கடந்த பிள்ளைகள் பலர். அவர்களுக்குச் சைகைமொழிதான் தாய்மொழி. இந்தியச் சைகைமொழிக்கென ஆய்வு, பயிற்சி மையம் ஒன்றை மத்திய அரசு 2015இல் நிறுவி, ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட சைகை அகராதியையும் வெளியிட்டுள்ளது. கைப்பேசியில் அதன் காணொளிகளைக் காணலாம். நாளுக்கு மூன்று சைகை என்று வீட்டார் அனைவரும் கற்றால், ஓராண்டில் ஆயிரம் சொற்களோடு உங்கள் மகனிடம் பேசலாம். தந்தையரும் கற்க வேண்டும். தாயிடம் மட்டும் பேசக்கூடிய பிள்ளை பாதி அனாதையே.

செவிடன், ஊமை என்ற சொற்களை நம் நாவிலிருந்து விலக்குவோம். காது கேளாதவரைப் பழிக்கலாகாது என்று லேவியர் நூலிலேயே கட்டளை உண்டு. பழிப்பதை அவர் கேளாவிட்டாலும் ஆண்டவர் கேட்கிறார் என்பதே அதன் உட்கருத்து.

கோயிலில் செய்யத்தக்கவை

திருச்சபையின் சட்டம் இவர்களை மறக்கவில்லை. பேச இயலாதவர் தம் திருமணச் சம்மதத்தை அதற்கு ஒத்த அடையாளங்களால் தெரிவிக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் மொழிபெயர்ப்பாளரின் துணையை நாடலாம்; அத்துணைவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். ஆகவே கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே அழைத்துச் செல்லும் கைதான் தேவை.

பங்குதோறும் சில எளிய செயல்கள் முடியும். கேளாதவர்களை முன்வரிசையில் அமர்த்தலாம். வாசகம் படிப்பவரும் மறையுரையாளரும் ஒலிவாங்கியால் வாயை மறைக்காமல், முகத்தில் வெளிச்சம் விழ நிற்கலாம். அன்றைய நற்செய்திப் பகுதியைப் பலகையில் எழுதி வைக்கலாம். இளைஞர் குழுவில் இருவர் சைகைமொழி கற்று, திருப்பலியில் எழுந்து நின்று கைகளால் மொழிபெயர்க்கலாம். புதுநன்மை வகுப்புக்கு “இவனுக்கு என்ன புரியும்” என்று தள்ளிவைத்த பிள்ளைகளின் பெயர்களை அன்பியத் தலைவர்கள் எனக்குத் தாருங்கள். பள்ளிபாளையத்துச் சிறுவனுக்காக நானும் சைகை பயிலத் தொடங்கியிருக்கிறேன். ஐம்பதைக் கடந்த விரல்கள் எளிதில் வளைவதில்லை; அவன் சிரிக்கிறான்; திருத்துகிறான்.

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். தெக்கப்போலி நாட்டில் கேளாதவன் ஒருவனை ஆண்டவரிடம் கொண்டு வருகிறார்கள். அவர் அவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். அவன் காதுகளில் விரல் வைக்கிறார்; நாவைத் தொடுகிறார்; வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்; பெருமூச்சு விடுகிறார். அதன் பிறகுதான் எப்பத்தா, அதாவது திறக்கப்படு, என்னும் சொல் வருகிறது. ஒரே சொல்லால் இலாசரை எழுப்பியவருக்கு இத்தனை செய்கைகள் எதற்காக? கேளாதவனுக்கு விளங்கும் மொழி அது ஒன்றே என்பதால் அல்லவா? அவன் செவி திறக்குமுன்பே, இன்னது செய்யப்போகிறேன் என்று ஆண்டவர் அவனிடம் கையால் சொல்லிவிட்டார்.

திருமுழுக்கின்போது குரு குழந்தையின் செவியையும் வாயையும் தொட்டு அதே எப்பத்தா சடங்கை நிறைவேற்றுவதுண்டு. கேளாத குழந்தைக்கும் அச்சடங்கு வீணாவதில்லை. அதற்குரிய விடையை அக்குழந்தையின் வீடும் பங்கும் தர வேண்டும். கடல்கடந்து சென்றோர் அதைத் தந்துகொண்டிருக்கின்றனர். நாம் கடக்க வேண்டியது ஒரு தெருவும் நம் வீட்டு வாசற்படியுமே.